வேகப் பெட்டியும் மலைப்பாதையும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சின்னசேலத்தைத் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்குள் பிரவேசிக்கிற எவரும், தெருவுக்குத் தெரு கம்பத்திலிருந்து மாடிச் சுவருக்கும் மாடிச் சுவரிலிருந்து அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் மெல்லிய கறுப்புக் கேபிளைக் காணாமல் போக முடியாது. ஒரு காலத்தில் தொலைக்காட்சிக்காக மட்டும் கேபிள்காரர்கள் அமைத்த வழியிலேயே இன்று பல தெருக்களில் கண்ணாடி இழை ஓடுகிறது. அந்த இழையின் முனையில், கூடத்து அலமாரியிலோ மீட்டர் பலகைக்குப் பக்கத்திலோ, இரண்டு அல்லது நான்கு ஆன்டெனாக்களோடு ஒரு சிறு பெட்டி அமர்ந்திருக்கிறது. மோடம் என்று சிலரும் ரவுட்டர் என்று சிலரும் வைஃபை பெட்டி என்று பலரும் சொல்லும் அந்த யந்திரத்தைப் பற்றி, 2019ஆம் வருஷம் நவம்பர் 26ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்தப் பிரதேசத்தின் வீடுகளில் எழுகிற கேள்வி ஒன்று உண்டு: இதைக் கழற்றிவிட்டு இன்னும் வேகமான புதிய மாடலை வாங்கி மாட்டினால் என்ன?

கேள்வி நியாயமானதுதான். மகள் அறைக்குள் உட்கார்ந்து கல்லூரிப் பாடம் கேட்க, மகன் மாடியில் இருந்தபடியே சென்னை அலுவலகத்து உத்தியோகம் பார்க்க, கூடத்தில் தொலைக்காட்சி ஓட, இத்தனைக்கும் நடுவில் தாயார் வெளிநாட்டிலிருக்கும் தம்பியின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பேச வேண்டும் என்றால், ஏழெட்டு வருஷங்களுக்கு முன் கேபிள்காரர் கொண்டுவந்து வைத்த பெட்டி திணறுவது இயற்கையே. ஆயினும் கடைக்குப் புறப்படுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக உணர வேண்டும். வேகம் பெட்டிக்குள் உற்பத்தியாவதில்லை. வழியில் வந்து சேருவதைத்தான் அது வீட்டுக்குள் பங்கிடுகிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றைக் கச்சிராயபாளையத்துக்கு அருகே அணைகட்டித் தேக்கி, வாய்க்கால் வழியே வயல்களுக்கு விடுகிறார்கள். வாய்க்காலில் வருகிற நீரே குறைவாக இருக்கும்போது தன் வயலின் மடையை மட்டும் அகலமாக வெட்டிக்கொண்ட குடியானவருக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. வாய்க்கால் நிரம்பி ஓடியும் மடை குறுகலாக இருந்துவிட்டால் பயிர் காய்வதும் நிச்சயம். தன் வீட்டில் குறுகியிருப்பது வாய்க்காலா மடையா என்று அறிந்துகொள்ளாமல் செலவிடும் பணம் வீண் பணம் என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் வாய்க்காலைப் பார்ப்போம். ஊருக்குள் இருக்கும் நிலையத்திலிருந்து புறப்படும் ஒளி, ஒரே இழையில் வந்து, வழியில் கம்பத்தில் கட்டியிருக்கும் பிரிப்பானில் முப்பத்திரண்டு அல்லது அறுபத்துநான்கு கிளைகளாகப் பிரிந்து வீடுகளை அடைகிறது. இன்று பெரும்பாலும் வழக்கத்திலிருக்கும் முறைப்படி, அந்த ஒரே இழையில் வினாடிக்கு ஏறக்குறைய 2.5 ஜிகாபிட் இறங்கி வந்து அத்தனை வீடுகளுக்கும் பொதுவாகிறது. இடையிலுள்ள பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. சுமார் 20 கிலோமீட்டர் தூரம் வரை இந்த ஏற்பாடு செல்லும். மலைக்கு வரும்போது இந்த 20 கிலோமீட்டர் கணக்கு நமக்கு மிகவும் தேவைப்படும். இழை எங்கேனும் கூர்மையாக மடங்கியிருந்தாலும், இணைப்பு முனையில் தூசி படிந்திருந்தாலும், வீட்டுக்கு வரும் ஒளியின் பலம் குன்றிவிடுகிறது. இணைப்பைப் பார்க்க வருகிறவர் கையிலுள்ள மீட்டரில் மைனஸ் இருபது என்று காட்டினால் அவர் திருப்தியோடு தலையசைப்பார். மைனஸ் இருபத்தேழைத் தாண்டினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும். அந்த நிலையில் உலகத்திலேயே உயர்ந்த ரவுட்டரை வாங்கி வைத்தாலும் பலனில்லை. ஜன்னல் சட்டத்தில் நசுங்கிக் கிடக்கும் இழையை மாற்றினால் போதும்.

இனி மடையைச் சோதிக்க வேண்டும். மடிக்கணினியை நல்ல கம்பியால் நேரே பெட்டியோடு இணைத்து, மற்றவர்கள் எல்லோரும் உபயோகத்தை நிறுத்தியிருக்கும் வேளையில் வேகத்தை அளக்க வேண்டும். மாதச் சந்தாவில் சொன்ன 100 மெகாபிட் கம்பியிலேயே வராவிட்டால், குறை வழியில் இருக்கிறது. அதை இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்பதே முறை. கம்பியில் முழுமையாக வந்து, கம்பியில்லாமல் அதே அறையில் பாதியாகி, அடுத்த அறையில் பத்தில் ஒன்றாகி, மாடியில் அறவே இல்லாமற் போனால், அப்பொழுது பெட்டியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைச் செய்யாமலே ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்துப் புதுப்பெட்டி வாங்கும் குடும்பங்களை எண்ணும்போது மனம் வருந்துகிறது. சம்பாதிக்கிற சிரமத்தில் ஒரு பங்கு, செலவழிக்கும்போது விசாரிப்பதற்கும் வேண்டும்.

பழைய பெட்டிகளில் இரண்டு குறுகல்கள் சாதாரணமாகக் காணப்படும். ஒன்று, கம்பி செருகும் துளை. மலிவான மாடல்களில் அது வினாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் விடாது. சந்தாவை 200க்கோ 300க்கோ உயர்த்திக்கொண்டவர் வீட்டில் அந்தத் துளை இருக்கும்வரை கூடுதல் கட்டணம் முழுதும் நஷ்டம். மற்றொன்று அலைவரிசை. பழைய பெட்டிகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வரிசையில் பேசுகின்றன. அதன் அலை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது. சுவரைத் தாண்டிச் செல்லும் சக்தி அதற்கு அதிகம். ஆனால் ஒன்றோடொன்று மோதாத வழித்தடங்கள் அந்த வரிசையில் மூன்றே உண்டு. நெருக்கமான தெருவில் இருபது வீட்டுப் பெட்டிகளும், புளூடூத் கருவிகளும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்ளும்போது, யாருக்கும் நிறைவாகக் கிடைப்பதில்லை. 5 ஜிகாஹெர்ட்ஸ் வரிசை விசாலமானது, வேகமானது; அதன் அலை சிறியதாகையால் கான்கிரீட் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். இரண்டு வரிசையும் உள்ள பெட்டியே இன்று வாங்கத் தக்கது.

இந்த அலைகளை நாம் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் உபயோகிக்கிறோம் என்பதற்குப் பின்னே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1895இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகர மண்டபத்தில், மில்லிமீட்டர்க் கணக்கிலான நுண்ணலைகளைச் சுவர்களின் ஊடே அனுப்பித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். கம்பியில்லாச் செய்தி என்பது நம் நாட்டு மண்ணில் அவ்வளவு ஆரம்பத்திலேயே பரீட்சிக்கப்பட்ட வித்தை. அப்படியிருந்தும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வரிசையை யார் வேண்டுமானாலும் லைசென்ஸின்றி உபயோகிக்கலாம் என்று மத்திய சர்க்கார் திறந்துவிட்டது 2005இல்தான். 5 ஜிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை விடுவித்தது 2018 அக்டோபரில். 6 ஜிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதியை விடுவிப்பதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளிவந்தன. 1997இல் வினாடிக்கு 2 மெகாபிட்டோடு ஆரம்பித்த வைஃபை, 1999இல் 11 ஆகி, 2003இல் 54 ஆகி, இப்போது ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை என்ற பெயர்களோடு ஆயிரக்கணக்கில் பேசுகிறது.

அந்த ஆயிரக்கணக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டியில் 3000 என்று அச்சிட்டிருந்தால், அது ஒரு வரிசையின் 574ஐயும் மற்றொரு வரிசையின் 2402ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண். பரிசோதனைச் சாலையின் உச்ச அளவு. நம் கையிலுள்ள கைப்பேசி ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு வரிசையோடுதான் பேசும். அதிலும் சொன்ன அளவில் ஏறக்குறைய பாதிதான் அநுபவத்தில் கிடைக்கும். கைப்பேசியின் வைஃபை ஐந்தாம் தலைமுறையினதாக இருந்தால் ஏழாம் தலைமுறைப் பெட்டியும் அதனோடு ஐந்தாம் தலைமுறை வேகத்திலேயே பேசும். தெளிவான படத்தோடு ஒரு முகம் பார்த்துப் பேச மூன்று நான்கு மெகாபிட் போதும். பெரிய தொலைக்காட்சியில் மிக நுண்ணிய படம் பார்க்க 25 வேண்டும். ஆகவே 100 மெகாபிட் சந்தாவுள்ள நான்கு பேர் குடும்பத்துக்கு, ஜிகாபிட் துளையும் இரண்டு வரிசையும் உள்ள ஆறாம் தலைமுறை நடுத்தரப் பெட்டியே தாராளம். ஆறாம் தலைமுறையின் மெய்யான நன்மை, ஒரே அலையைப் பகுத்துப் பல கருவிகளுக்கு ஒரே சமயத்தில் கொடுக்கும் முறையில் இருக்கிறது. கேமராவும் தொலைக்காட்சியும் ஐந்தாறு கைப்பேசிகளும் உள்ள வீட்டில் அதன் அருமை தெரியும்.

புதுப்பெட்டி வாங்கினாலும் பழைய பெட்டியை அப்படியே தூக்கி எறிய முடியாது. ஒளியாக வரும் செய்தியை மின் சமிக்ஞையாக மாற்றும் வேலை அதனுடையது. புதியதை அதன் பின்னால் கம்பியால் இணைத்து, பழையதின் வைஃபையை அணைத்துவிடுவது எளிய வழி. இணைப்புக் கொடுத்தவரிடம் சொல்லிப் பழைய பெட்டியை வெறும் பாலமாக மாற்றிக்கொண்டால் இன்னும் உத்தமம். எங்கே வைப்பது என்பது எந்த மாடல் என்பதைவிட முக்கியம். கேபிள் நுழையும் ஜன்னலோரம் சுலபமாக இருக்கிறது என்று முன்னறையின் மூலையில் வைத்து, அதன்மேல் பூவேலைத் துணியும் போர்த்திவிடுகிறார்கள். அலைகளில் பாதி தெருவுக்குப் போய்விடுகிறது. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகிய மூன்றும் இந்த அலைகளுக்கு விரோதிகள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். இரும்புக்கம்பி நிறைந்த கான்கிரீட் தளத்தைத் துளைத்து மாடிக்கு அனுப்புவதைவிட, ஒரு கம்பியை மாடிக்கு இழுத்து அங்கே இரண்டாவது பெட்டியைப் பொருத்துவது எந்த விலையுயர்ந்த மாடலையும் தோற்கடிக்கும். கடவுச்சொல்லைப் பெட்டியின் அடியில் அச்சிட்டபடியே விட்டுவைக்காமல் மாற்றிவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இவையெல்லாம் கீழ்நாட்டுச் சௌகரியங்கள். கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை மரத்திலும் தேக்கிலும் தெய்வ உருவங்களைச் செதுக்கும் கைவினைஞர், பட்டறையிலிருந்தே வேறு ஊர் வாடிக்கையாளருக்கு உளி போகும் போக்கைக் காட்டி விலை பேச முடிகிறது என்றால் அதற்கு அந்தச் சிறு பெட்டியும் ஒரு காரணம். ஆனால் அதே மாவட்டத்தின் மேற்கே, கச்சிராயபாளையத்தைக் கடந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் வெள்ளிமலையை நோக்கிப் போகப் போக, கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், வாங்கிய பெட்டியை எதோடு இணைப்பது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி; சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பிரிவாகவும், நிர்வாகத்தில் சேலம் முதலான பக்கத்து மாவட்டங்களோடு பங்கிடப்பட்டும் கிடக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் பூர்விகத்தைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகளோடு இவர்களைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது) சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காயும் தேனும் புளியும் சேகரித்து வாழ்கிறார்கள். நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து, 1976இல்தான் இந்த மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலிருந்து முழுமையாகச் சர்க்கார் நிர்வாகத்துக்குள் வந்தது. சமவெளிக்குக் கிடைத்த ஒவ்வொரு வசதியும் இங்கே ஒரு தலைமுறை தாமதித்து ஏறியிருக்கிறது. இணையமும் அந்தத் தாமதத்தையே தொடர அநுமதிக்கலாகாது என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய ஆதங்கம்.

ஏனென்றால் இணையம் இப்பொழுது விருப்பமிருந்தால் அநுபவிக்கும் பொருளாக இல்லை. நியாய விலைக் கடையில் அரிசி வாங்க விரல்ரேகையை யந்திரம் ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் வருகையைப் படத்தோடு செயலியில் ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டது. சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் இணைய வழியில்தான். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது தமிழ்நாட்டு மலைக்கிராமங்கள் பலவற்றில் பிள்ளைகள் சிக்னல் எட்டும் பாறைமேட்டைத் தேடிப் போய்ப் பாடம் கேட்க நேர்ந்ததை நாம் மறந்துவிட முடியாது. வினாடிக்கு 2 மெகாபிட்டாவது தடையின்றி வந்தால்தான் அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர் என 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் வரையறுத்தது. கீழே கள்ளக்குறிச்சியில் 100 போதவில்லை என்று பெட்டியை மாற்றுகிறோம். மலைமடிப்பில் மறைந்த ஓர் ஊருக்கு அந்த 2 ஒழுங்காகக் கிடைத்தாலே பிள்ளையின் விண்ணப்பம் உரிய தேதியில் போய்ச் சேரும்.

வழி இல்லாமல் இல்லை. 2011இல் மத்திய சர்க்கார் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்தை ஏற்று, 2015இல் அதற்குப் பாரத்நெட் என்று பெயரிட்டது. தமிழ்நாட்டில் அதை நிறைவேற்ற 2018இல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் தோன்றி, 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் வினாடிக்கு 1 ஜிகாபிட் கொண்டுபோவதை லட்சியமாக்கிக்கொண்டது; 2022 ஜூனில் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதன் வேலை தொடங்கிவைக்கப்பட்டது. கைப்பேசியே எட்டாத 24,680 கிராமங்களில் நான்காம் தலைமுறைக் கோபுரங்கள் நிறுவ, 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. காகிதத்தில் இவை யாவும் மேன்மையானவை. ஆனால் மலையில் இழை போடுவது சமவெளியில் போடுவது போன்ற காரியமன்று. காப்புக்காட்டின் ஓரமாகக் குழி தோண்ட வனத்துறையின் அநுமதி வேண்டும். பாறையில் குழி ஆழமாக இறங்காது. கம்பத்தில் கட்டினால் வடகிழக்குப் பருவமழையின் காற்றில் மரக்கிளை விழுந்து அறுகிறது. சாலையை அகலப்படுத்தும் யந்திரம் புதைத்த இழையையும் சேர்த்து வாரிவிடுகிறது. அறுந்தால் ஒட்டத் தெரிந்தவர் கீழேயிருந்து ஏறி வரவேண்டும். இழை போட்டதாகக் கணக்கில் ஏறிய ஊருக்கும், இழையில் ஒளி வருகிற ஊருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

முன்பு சொன்ன 20 கிலோமீட்டர் கணக்கை இப்பொழுது நினைவுகூர வேண்டும். இடையில் மின்சாரமே வேண்டாத அந்த ஏற்பாடு, மின்தடை மிகுந்த மலைக்கு மிகவும் பொருத்தமானது. வெள்ளிமலை, கரியாலூர் போன்ற பெரிய ஊர்களில் நிலையமொன்றை நன்றாக நிறுவி, அதற்கு மட்டும் நம்பகமான பாட்டரி கொடுத்தால், சுற்றிலுமுள்ள குக்கிராமங்கள் பலவற்றை அந்த எல்லைக்குள் கொண்டுவந்துவிடலாம். வீட்டுப் பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட். சிறிய பாட்டரி ஒன்று அதைச் சில மணி நேரம் உயிரோடு வைத்திருக்கும். இழையை ஒட்டவும் ஒளியை அளக்கவும் மலையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் சிலருக்குக் கற்றுக்கொடுத்துக் கருவியையும் கையில் கொடுத்தால், பழுது பார்ப்பவருக்காகப் பல நாள் காத்திருக்கும் நிலை மாறும். இந்தக் கடைசி யோசனைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிரதானமாகப் படுகிறது.

இழை வரும்வரை என்ன செய்வது என்று மலைவாசி ஒருவர் கேட்டால், அவருக்குச் சொல்லத் தக்கது உண்டு. சிம் கார்டு போடும் ரவுட்டரைக் கூடத்துக்குள் வைக்காமல், கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஆன்டெனாவை வீட்டின் உயரமான இடத்தில், நல்ல மூங்கில் கழியிலோ இரும்புக் குழாயிலோ கட்டி, கம்பியால் உள்ளே கொண்டுவந்தால், கைப்பேசியில் ஒரு கோடு காட்டும் இடத்திலும் உபயோகமான வேகம் கிடைப்பது சாத்தியம். அலையின் அதிர்வெண் குறையக் குறைய அது மலைமடிப்பைச் சுற்றி வளைந்து செல்லும் திறன் கூடுகிறது. ஆகையால் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒலிபரப்பும் கோபுரம் அருகில் இருந்தால் அந்த வரிசையை ஏற்கும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். செயற்கைக்கோள் இணையத்துக்கும் 2025 ஜூனில் நம் நாட்டில் அந்நிய நிறுவனம் ஒன்று உரிமம் பெற்றிருக்கிறது. எனினும் சாமை விளைவிக்கும் குடும்பத்துக்கு அதன் கட்டணம் கட்டுப்படியாகுமா என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். தனிவீட்டுக்குக் கட்டாவிட்டாலும் உண்டு உறைவிடப் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சர்க்கார் செலவில் அதைக் கொடுப்பது தகும்.

தமிழ்நாட்டில் இப்பொழுது வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல்வராயன் மலை ஒன்றியத்தின் ஊராட்சிகளில் வாக்குரிமையுள்ள எவரும் அந்தச் சபையில் எழுந்து நின்று கேட்கலாம். ஊராட்சி அலுவலகம் வரையில் வந்த இழையில் இன்று ஒளி வருகிறதா, மின்சாரம் நின்றால் அங்குள்ள பாட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், அறுந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், அங்கிருந்து பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் எப்பொழுது கம்பி இழுக்கப்படும் என்று கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடச் செய்யலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய கேள்விக்கு அடுத்த கூட்டத்தில் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும் என்று சபையோர் வற்புறுத்த இடமுண்டு. கீழே கள்ளக்குறிச்சியில் வேகமான பெட்டி வாங்கி நிம்மதியடைந்தவர்களில் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் இருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை எழுதுவதற்கும், அதன் நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குவதற்கும் மலைமக்களுக்கு அவர்கள் துணைநிற்க வேண்டும்.